பஸ் நிற்கும் இடத்தில் புகை

1953 டிசம்பர் 3, வியாழன்

காலையில் மூடுபனி. அதற்குள்ளே புகை. எது பனி எது புகை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்குத்தான் தெரிகிறது.

காயப்போட்ட வெள்ளைச் சேலை இரண்டிலும் புகை நாற்றம். மறுபடி அலசினேன். மறுபடி அதே நாற்றம். அப்படியே உடுத்திக்கொண்டேன். இத்தாவில் இருக்கிறவளுக்கு வாசனை எதற்கு.

என் வீட்டுக்காரர் மௌத்தானது செப்டம்பர் கடைசியில். காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. இத்தா நாலு மாதம் பத்து நாள். பிப்ரவரி வரை போகும். அதுவரை வாசல் தாண்டக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நான் ஆட்டுகிறேன், வேகவைக்கிறேன். அந்தப் பக்கம் அண்ணன் காதர் விற்கிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பாலக்காட்டில் ஜவுளிக்கடை. எனக்காக அதை மதினியின் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இலையில் இட்லி வைக்கும்போதுகூட துணியைப் போல ஒரு தட்டு தட்டி நீவி விடுகிறான்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணல். யார் பார்க்கப் போகிறார்கள். கை சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மூணாறு பஸ். உடுமலையிலிருந்து மலையேறி வருகிறவர்கள் மறையூரில் இறங்கிச் சாப்பிடுவது நம் கடையில்தான். பஸ் நிற்பதே நம் வாசலில். அதை வைத்துத்தான் கடை. இன்று இறங்கினது கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே இருமல்.

மிச்சம்:
இட்லி, பாதிக்கு மேல்.
கடலைக்கறி, தூக்கு நிறைய.
பால், தொடவே இல்லை.

பின்னால் கவுண்டர் ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறார்கள். புகை அங்கிருந்து. வருஷா வருஷம் காய்ச்சுகிறதுதான். இப்படிப் புகைந்தது இல்லை.


டிசம்பர் 4, வெள்ளி

அண்ணன் ஜும்ஆவுக்குப் போகுமுன் பஸ் வந்தது. பலகைச் சந்தில் காது வைத்துக் கேட்டேன். கண்டக்டர் வேலு.

"காதர் பாய், உள்ளதச் சொல்றேனுங்க, கோவிச்சுக்காதீங்க. வாய்க்குள்ள இட்லி போறதுக்கு முன்னால புகை போகுதுன்னு ஒரு வாத்தியார் என்கூடச் சண்டைக்கு வந்துட்டாருங்க."

"புகையை நானா ஊதறேன்?"

"நீங்க ஊதலீங்க. ஆனா கடை உங்களுதாச்சே."

வேலு குரலை இறக்கினான். பஸ் முதலாளி காதுக்குப் போய்விட்டதாம். மேலே வளைவு தாண்டி ஒருத்தன் புதுசாகக் கடை போட்டிருக்கிறான், மேட்டுக்கடை என்கிறார்கள். அவன் வேறு தூண்டிவிடுகிறானாம். கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள் பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, பஸ் இனி இங்கே நிற்பதா மேட்டில் நிற்பதா என்று சொல்லிவிடுவாராம்.

"எனக்கென்னமோ பாயம்மா கையி குருமாவ உட்டுப்போட்டு மேல போக மனசில்லீங்க. ஆனா நான் யாரு, விசில் ஊதறவன்."

பலகையை விட்டு நகர்ந்தேன். உலை பொங்கிக் கிடந்தது. பார்க்கவில்லை.

மூணாறு பஸ் போனால் கடை போச்சு.


டிசம்பர் 6, ஞாயிறு

மாடியில் இரண்டு ரூம். சீசனில் மூணாறு போகிறவர்கள் தங்குவார்கள். நேற்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம், ஒரு சின்னப் பெண்ணோடு. பெண்ணுக்கு மூச்சு இழுப்பு. மலைக்காற்றுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லி வந்தவர்கள். நாலு நாள் தங்குவதாகப் பேச்சு. இன்று காலையே மூட்டை கட்டிவிட்டார்கள்.

அந்த மனுஷர் அண்ணனிடம்: "இந்தக் காத்துக்கு நாங்க ராயபுரத்துலயே இருந்திருப்போமே சார். ரயில் இஞ்சின் புகை வீட்டுக்கே வரும்."

போகும்போது அவர் சம்சாரம் மட்டும் பின்கட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்து, "சாப்பாடு அமிர்தமா இருந்ததுங்க. உங்களை ஒண்ணும் சொல்லலை" என்றாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நல்லவள். குழந்தை அவள் இடுப்பில் விசில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் மத்தியானம் சோறு தின்கிறபோது: "உனக்கு ஒண்ணும் தெரியாது சபுரா. கவுண்டனுக்கு இந்த ரோட்டோர இடத்து மேல கண்ணு. செத்த வீட்டுல வாயைத் தொறந்து கேக்க முடியல. புகையை விட்டுக் கேக்கறான்."

"அப்படிப்பட்டவர் இல்லைண்ணே."

"எப்படிப்பட்டவன்? மச்சான் போன பிறகு ஒரு தடவை இந்தப் பக்கம் எட்டிப் பாத்தானா?"

பார்க்கவில்லை. அதுதான் எனக்கும் உறுத்துகிறது. அவரும் கவுண்டரும் மாப்ளே, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தினமும் நம் கடையில்தான் கவுண்டருக்கு முதல் டீ. அவரைக் கபரில் அடக்குகிற வரை வந்து ஓரமாக நின்றார். அத்தோடு சரி. மழை முடிந்து ஆலை ஓட ஆரம்பித்தால் கரும்புச் சக்கையை நம் வீட்டுப் பின்பக்கப் பாறையில்தான் பரப்பிக் காயவைப்பார். காய்ந்த சக்கைதான் அவர் அடுப்புக்கு விறகு. இந்த வருஷம் பாறை காலி. கேட்கக்கூட இல்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார் போல. ஆள் போனதும் பழக்கமும் போயிற்று.

அண்ணன் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.


டிசம்பர் 8, செவ்வாய்

ஒரு வேலையும் முடிக்கவில்லை. அரிசி நனைத்தேன், உளுந்து நனைக்க மறந்தேன். பின்பக்கப் பாறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். எனக்கு என்று இருக்கிற வெளி அதுதான். மூன்று பக்கம் சுவர், ஆலைப் பக்கம் பூட்டின கதவு, மேலே வானம். இன்று வானம் இல்லை.

படக்காரர் ஆபிரகாம் நம் கடையில் வந்து வியாபாரம் போச்சு என்று புலம்பல். மலையேறுகிறவர்களை ரோட்டில் நிறுத்தி, பின்னால் மலை தெரிகிற மாதிரி படம் பிடித்துக் கொடுப்பவர். மூணாற்றுக்காரர்.

"மலைய வெச்சுத்தான் எனக்குக் கச்சவடம் பாயி. மலை எவிடெ? வெறும் ஆளப் படம் எடுக்கவா அவங்க இத்தற தூரம் வராங்க? அவங்க நாட்டுல ஸ்டுடியோ இல்லையோ?"

தேன் விற்க மலைக்குடியிலிருந்து இறங்கி வந்த முதுவர்கள் இரண்டு பேர் பஸ் வரும்வரை வாசலில் குந்தியிருந்தார்கள். படுதா எதுவும் மேலே ஏறவில்லை. தேனோடு திரும்பி நடந்தார்களாம். எல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. என் ஊரை இன்னொருவர் வாயால் கேட்கிறேன்.

சாயங்காலம் அண்ணன் தீர்த்துச் சொன்னான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். பஸ் மேட்டுக்குப் போச்சுன்னா கடையை எடுத்துர்றது. இத்தா முடிஞ்ச கையோட நீ என்கூடப் பாலக்காட்டுக்கு வந்துரு. மதினி உன்ன என்ன, வேண்டாம்னா சொல்லப்போறா?"

சொல்லமாட்டாள். மதினி நல்லவள். ஆனால் அது அவள் அடுப்பு. அங்கே நான் பாத்திரம் கழுவலாம், வெங்காயம் உரிக்கலாம். இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று என் வாயால் சொல்ல முடியாது. பிள்ளை இருந்திருந்தால் கடை பிள்ளைக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாம். எனக்கு வேண்டும் என்றால் சிரிப்பார்கள்.

அவர் சட்டை இன்னும் ஆணியில். எடுக்கவில்லை. அதிலும் புகை ஏறிவிட்டது. அவர் வாசனை போய்விட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். இதை யாரிடம் சொல்வது.


டிசம்பர் 10, வியாழன்

பழனியம்மா வந்தாள். ஆலையில் வெல்லம் உருட்டுகிறவள். மகள் பிரசவத்துக்கு உடுமலை போயிருந்தாள், முந்தாநாள்தான் திரும்பினாளாம். பேரன். வாயெல்லாம் பல். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரி, பரவாயில்லை என்றேன்.

கழனித்தண்ணிக்குத் தூக்கை வைத்துவிட்டு, மடியிலிருந்து இரண்டு உருண்டை வெல்லம் எடுத்துக் கொடுத்தாள். கறுப்பாக இருந்தது. அழுத்தினால் விரல் புதைகிறது. வாயில் போட்டால் புகை.

"இதென்ன பழனியம்மா. கவுண்டர் ஆலை வெல்லமா இது?"

"அவுருதுதானுங்க. கேக்காதீங்க. ஏவாரி மூட்டையோட திருப்பி அனுப்பிப்போட்டான். அடுப்பு எரிஞ்சாத்தானுங்களே பாகு பாகா வரும். எங்க எரியுது, புகையுது. ஈரச் சக்கைய வாய் வரைக்கும் திணிச்சா என்னங்க பண்ணும் அது?"

"ஈரத்தோட எதுக்குத் திணிக்கறீங்க? காயப்போட வேண்டியதுதானே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எங்கீங்க காயப்போடறது? பாறையத்தான் பூட்டிப்போட்டீங்களே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் மையத்து எடுத்த அன்று, பின்பக்கம் ஆம்பிளைகள் யாரும் வரக் கூடாது, தங்கச்சி இத்தாவில் இருக்கிறாள் என்று அண்ணன் கவுண்டரிடம் சொல்லியிருக்கிறான். கவுண்டர் அதைக் கல்லில் வெட்டினது மாதிரி எடுத்துக்கொண்டார். ஆலை ஓட ஆரம்பித்ததும் ஆட்களையெல்லாம் நிறுத்திவைத்து, "மாப்ளை ஊட்டு முறை அது. அந்தக் கதவுப் பக்கம் ஒருத்தன் போனான்னா அவனுக்கு இங்க வேலை இல்லை" என்றாராம். வயலெல்லாம் தண்ணி. ஆலைக்குக் கீழே மரநிழல்தான். அதில் பரப்புகிறார்கள்.

"நெழல்ல எங்கீங்க காயும்? காளான்தான் பூக்குது. உங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சமுங்க."

அவள் போன பிறகு பாறையில் உட்கார்ந்தேன். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழுகிற பாறை. நான் ஒருத்தி நடப்பதற்காகக் காலியாகக் கிடக்கிறது.

கவுண்டரைப் பற்றி மேலே எழுதினதை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நினைத்தது நினைத்ததுதான்.


டிசம்பர் 11, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன்.

"ஆமா, சொன்னேன். அன்னைக்கு ஊரே வந்து போய்க்கிட்டிருந்துச்சு. பின்னால யாரும் வராமப் பாத்துக்குங்கன்னேன். சக்கையப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்? நான் துணிக்கடைக்காரன்."

"உன்னைக் குத்தம் சொல்லலைண்ணே. போய்ப் பேசிட்டு வா."

ஜும்ஆ முடிந்து அப்படியே ஆலைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி. கவுண்டர் மாட்டேன் என்றுவிட்டாராம்.

"இத்தா முடியட்டுங்க பாய். மாப்ளை இருந்து, கொண்டாந்து போடு மச்சான்னு சொன்னா அது வேற. இப்ப நான் போய்க் கொட்டினா, துக்க ஊட்டக் களமாக்கிப்போட்டான் பாரு கவுண்டன்னு நாலு பேரு பேசுவாங்க. வெல்லம் ஒரு வருசம் கறுத்தாக் கறுக்கட்டும்."

டீ கொடுத்தாராம். அண்ணன் குடித்துவிட்டு வந்திருக்கிறான். "நல்ல மனுஷன் சபுரா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

நல்ல மனுஷர்கள் இரண்டு பேர். நடுவில் புகை அப்படியே நிற்கிறது. இன்று இறங்கினவர்கள் நேற்றைவிடக் குறைவு. மிச்சத்தை எழுதவில்லை.


டிசம்பர் 13, ஞாயிறு

நேற்று நடந்தது: பஸ் வருகிற நேரம் மட்டும் அடுப்பைத் தணிக்கச் சொல்லியிருக்கிறார் கவுண்டர், நமக்காக. பாகு பாதியில் நின்று கொப்பரையோடு கெட்டுப்போயிற்று. பழனியம்மா சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நானே பேசறேன்" என்றேன்.

அண்ணன் பயந்துவிட்டான். "நீ எப்படிப் பேசுவே? இத்தாவுல அந்நிய ஆம்பிளைகிட்ட..."

"பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுட்டு வா."

விடிகாலை சுபுஹு தொழுகைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். தேவை இருந்தால், கதவுக்குப் பின்னால் நின்று, கூடப்பிறந்தவன் பக்கத்தில் இருக்க, சுருக்கமாகப் பேசலாம் என்றாராம். பிறகு அவரே, "பஸ் நெசமாவே மேட்டுக்குப் போயிருமா காதர்?" என்று இரண்டு தடவை கேட்டாராம்.

மத்தியானம் கவுண்டர் வந்தார். பின்கதவுக்கு அந்தப் பக்கம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். நிலத்தில் நிற்கிறவர் செருப்பை எதற்குக் கழற்ற வேண்டும். தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சிங்களா? சொல்லுங்க."

அந்தக் குரல் கேட்டால் கூடவே இன்னொரு குரலும் கேட்கும் எப்போதும். ஏதாவது கிண்டல், பிறகு இரண்டு பேரும் சிரிப்பது. இன்று ஒன்றுதான் கேட்டது. அண்ணன் என் முழங்கையைத் தொட்டான்.

"அண்ணே, பாறை சும்மா வெயில்ல காயுது. சக்கையக் கொண்டாந்து போடுங்க."

"அது இருக்கட்டுங்க. உங்க முறை முடியட்டும்."

"என் முறைய நான் ரூமுக்குள்ள இருந்து பாத்துக்கறேன். ஆம்பளைங்க வர வேண்டாம். பழனியம்மாவும் பொம்பளைங்களும் சுமந்து வரட்டும்."

"ஊரு பேசுமுங்க."

"ஊர் பேசட்டும். பஸ் மேட்டுக்குப் போச்சுன்னா கடை இல்லை. கடை இல்லைன்னா அண்ணன் என்னக் கூட்டிட்டுப் போயிருவார். அப்புறம் இந்தக் கதவு பூட்டினதுதான். யாருக்காக மரியாத காட்டுவீங்க?"

அந்தப் பக்கம் செருப்பு உரசியது. போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"மாப்ளை இருந்தா உங்கள இப்படிக் கதவுப் பின்னால நின்னு பேச விட்டிருக்க மாட்டானுங்க."

"அவர் இருந்தா நான் எதுக்குண்ணே பேசப்போறேன்?"

இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அந்தப் பக்கம் அவரும் மூக்கை உறிஞ்சினார். அண்ணன் நடுவில் புகுந்து ஏதாவது பேச வேண்டுமே என்று, "பொம்பளைங்க சக்கை சுமந்தா வெல்லம் உருட்ட ஆள் வேணுமே கவுண்டரே. நான் வேணா வந்து உருட்டட்டுமா?" என்றான்.

"வேண்டாமுங்க பாய். நீங்க முழத்துக்கு இத்தனைன்னு உருட்டுவீங்க."

போகும்போது சொன்னார்: "நாளன்னைக்குக் காலைல அனுப்பறனுங்க."


டிசம்பர் 15, செவ்வாய்

கதவு திறந்தது. பொம்பளைகள் ஆறேழு பேர், தலையில் சக்கைக் கட்டு. ஈரமும் புளிப்புமாக ஒரு வாடை. பாறை முழுக்கப் பரப்பினார்கள். கதவு திறந்து கிடக்கும் நேரமெல்லாம் நான் ரூமுக்குள். ரூமில் ஒரு ஜன்னல், கைக்குட்டை அளவு. என் நடை போயிற்று. ரூமுக்குள்ளேயே கட்டிலைச் சுற்றினேன்.

வெளியே ஒரே குசுகுசு. பழனியம்மாவைக் கூப்பிட்டு, ஏன் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்றேன்.

"இங்க சிரிக்கப்படாதுன்னு கவுண்டர் சொல்லி அனுப்பியிருக்காருங்க."

"சிரிச்சா சக்கை காயாதா?"

அவள் வெளியே போய் அதை அப்படியே சொல்லியிருப்பாள் போல. ஒரே சிரிப்பு. காதுக்குப் புதிதாக இருந்தது. பிறகு பொறாமையாகவும் இருந்தது.

அண்ணன் எல்லாருக்கும் டீ கொடுத்தான். நேற்றைய வடையும். என்னைக் கேட்டுத்தான் கொடுத்தான்.

இன்னும் புகை குறையவில்லை. ஆலையில் எரிவது பழைய ஈரம்தான்.


டிசம்பர் 16, புதன்

மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பொம்பளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தூறல் ஜன்னலில் அடித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. ஓடினேன். முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாரி வாரிச் சுவரோரம் குவித்தேன். அண்ணனும் வந்தான். இரண்டு பேரால் என்ன ஆகும்.

அப்போது கதவு வழியாகக் கவுண்டர். முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். இரண்டு கையிலும் தார்ப்பாய், முகம் கதவுப் பக்கம். "பாயி, நான் பாக்கல, நான் பாக்கல. இடத்தச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே வருகிறார். அண்ணன், "இடது பக்கம், இடது பக்கம். ஐயோ, உமக்கு இடதுய்யா, எனக்கில்லை" என்கிறான். சக்கையில் கால் சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரும் திரும்பவில்லை.

நான் முந்தானையை முகத்தில் அமுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. அவர் போன பிறகு நான் சிரித்தது இதுதான் முதல். உடனே குற்றம் செய்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டேன்.

தூறல் பெரிதாகவில்லை. பாதிச் சக்கை தப்பித்தது.


டிசம்பர் 18, வெள்ளி

வெயில். நேற்றும் வெயில்.

சக்கை மஞ்சளாகி, கால் பட்டால் நொறுங்குகிறது. மேல் அடுக்கை இன்று ஆலைக்கு எடுத்துப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் ஜன்னலில் பார்த்தேன். புகை மெலிசாக, நேராக மேலே போகிறது. ரோட்டுப் பக்கம் சாயவில்லை.

அண்ணன் பலகையைத் தட்டி, "சபுரா, மலை தெரியுது" என்றான். கடையை நடத்த வந்த நாளிலிருந்து அவன் மலையையே பார்த்திருக்க மாட்டான்.

ஆபிரகாம் ஒரு புது ஜோடியை நிறுத்திப் படம் எடுத்தாராம். மாப்பிள்ளை சிரிக்கவே இல்லையாம், நாலு தடவை சொல்லியும்.

விடிகாலையில் மட்டும் இன்னும் புகை மூட்டம். பனி அழுத்துகிறது. ஈரக் குவியலும் கொஞ்சம் பாக்கி.


டிசம்பர் 20, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் வந்தார். மூணாறு பஸ்ஸில் முன் சீட்டில். கனத்த குரல். நல்ல வேளை, புகை இல்லை. டீ குடித்தார், குருமா கேட்டு வாங்கினார். அண்ணன் பேச்சில் தேன் சொட்டியது. அவர் மசியவில்லை.

"இன்னைக்கு இல்லைங்கறதுக்காக நாளைக்கும் இல்லைன்னு ஆயிருமாய்யா? நான் வர்றேன்னு தெரிஞ்சு அணைச்சு வெச்சிருப்பீங்க."

"எரியுதுங்க சார், பின்னால வந்து பாருங்க" என்றான் அண்ணன். அவர் போகவில்லை. வேலுவையும் டிரைவரையும் கூப்பிட்டு எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "புதன்கிழமை கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ரெண்டு பஸ் விடறோம். இந்த இடத்துல புகை இருந்தா நிறுத்தாத. நேரா மேட்டுக்குப் போ. அன்னைக்கு எங்க நிக்கறியோ, இனிமே அதுதான் ஸ்டாப்."

ஆக, புதன்.

பஸ் போன பிறகு வெங்காயம் அரியக்கூட இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன், கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் பார்த்துவிட்டான். இத்தனை நாள் புகை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காற்று சுத்தம். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவனும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றான். பக்கத்தில் நின்றான். அவ்வளவுதான்.


டிசம்பர் 22, செவ்வாய்

கவுண்டர் பழனியம்மாவிடம் சொல்லி அனுப்பினார். நாளைக்கு ஆலையை நிறுத்திவைக்கிறாராம். பஸ் வந்து போகட்டும், ஒரு நாள் கரும்பு ஒன்றும் ஆகாது என்று.

அண்ணனுக்கு சந்தோஷம். எனக்கு இல்லை. பழனியம்மாவிடம் சொல்லச் சொன்னேன்: "நிறுத்த வேண்டாம். எப்பவும்போல ஓட்டச் சொல்லு. நாளைக்கு ஒரு நாள் பஸ்ஸ நிறுத்தி, மறுநாள் புகைஞ்சா அது என்ன நாணயம். எரியறபடி எரியட்டும். காஞ்ச சக்கையா மட்டும் போடச் சொல்லு."

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டான். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சுருக்கு. கெடைக்கறத வாங்கிக்க மாட்டியா?"

"நின்னா நெசமா நிக்கட்டும்ணே."

சொல்லிவிட்டேன். மூன்று தடவை ஜன்னலுக்குப் போனேன். மேகம் இல்லை. சக்கை முழுக்க நன்றாகக் காய்ந்திருக்கிறது. மேலே ஓலை போட்டு மூடச் சொன்னேன், பனி இறங்காமல் இருக்க.

நாளைக்கு:
இட்லி, இரண்டு பஸ்ஸுக்கு.
குருமா, பெரிய தேக்சா.
தேங்காய்ச் சட்னி.
பால் கூடுதலாகச் சொல்லியாயிற்று.
மாடி ரூம் இரண்டும் பெருக்கி, புதுப் பாய்.

எல்லாம் மிஞ்சினால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.


டிசம்பர் 23, புதன்

இட்லி வேகிற நேரத்தில் எழுதுகிறேன்.

சுபுஹுக்கு எழுந்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை. மோந்து பார்த்தேன். பனிதான். கரும்பு ஆலை ஓடும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை, சொன்னபடி.

எட்டு மணிக்கு வெயில் வந்தது. பனி போயிற்று. ஆலைக் கூரை மேல் புகை ஒரு கயிறு மாதிரி. காற்று கொஞ்சம் ரோட்டுப் பக்கம். அண்ணன் உள்ளே வருகிறான், வெளியே போகிறான். "கொஞ்சம் வருது சபுரா. கொஞ்சம்தான். ஆனா வருது." நானும் மூக்கை விட்டுப் பார்த்தேன். வெல்லம் காய்கிற வாசனைதான் வருகிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

கீழ் வளைவில் முதல் பஸ். கியர் மாற்றுகிற சத்தம். மாவுக் கரண்டியோடு நின்றுவிட்டேன். மேட்டுக்குப் போவதானால் நம் வாசலில் வேகம் கூட வேண்டும்.

கூடவில்லை. இஞ்சின் அணைந்தது.

விசில் ஊதி வேலு கத்துகிறான், "இறங்குங்க இறங்குங்க, டிபன் சாப்புடறவங்க இறங்குங்க." செருப்புச் சத்தம். குழந்தைகள். ஒரு ஆள், "ஆஹா, என்ன வாசனை, வெல்லமா?" என்று கேட்கிறார். ஒரு பொம்பளை இருமினாள், ஒரே ஒரு தடவை. அதற்குள் இரண்டாவது பஸ்ஸும் வந்து பின்னால் நின்றது.

நாலு ஈடு போய்விட்டது. அண்ணன் குரல் கட்டிவிட்டது. இப்போது பலகையைத் தட்டினான்.

"சபுரா, இங்க ஒருத்தர் ஏப்ரல்ல குடும்பத்தோட வர்றாராம். மாடி ரூம் ரெண்டும் கெடைக்குமான்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

"கெடைக்கும்னு சொல்லு."

கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, எனக்கு மட்டும்: "ஏப்ரல்ல இங்க யாரு இருப்பா?"

"நான் இருப்பேன். அவர் பேரை எழுதிக்க."

அடுத்த ஈடு இறக்க வேண்டும்.